கடைசியாக முறுக்கிய கை

அந்த டாக்ஸி ஷெட்டில் நம்பிக்கையின் விலை ஒரு மாதச் சம்பளம். வேலைக்குச் சேருகிற அன்றே முதலாளியின் மேசைமேல் எண்ணி வைத்துவிட வேண்டும். டிரைவர், மெக்கானிக், வண்டி கழுவுகிறவர் என்று யாராக இருந்தாலும் அவரவர் சம்பளம்தான் அவரவர் நம்பிக்கை. ஐந்து வருஷம் பிசகில்லாமல் ஓட்டிவிட்டால் அது முழுசாகத் திரும்பக் கிடைக்கும். அப்படி வாங்கிக்கொண்டு போனவர்கள் இரண்டு பேர் என்று பேச்சு. அந்த இரண்டு பேரையும் நேரில் பார்த்தவர் யாருமில்லை.

மூன்றாவதாக வாங்கப்போகிறவன் டவுட்டுதான் என்று ஷெட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவனுக்கு ஐந்து வருஷம் முடிய இன்னும் மூன்று மாதம் பாக்கி. மெக்கானிக்குகளில் அவன் ஒரு மாதிரி. நட்டை முறுக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவான். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் முறுக்கிப் பார்ப்பான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அன்று காலை பழைய நீல டாக்ஸியின் பானெட்டுக்குள் இடுப்புவரை குனிந்திருந்தான். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி வெளியே எடுத்திருந்தான். நாலு பிளக்குகளுக்கும் முறை தவறாமல் நெருப்பைப் பங்கு போட்டுக் கொடுக்கிற சாமான் அது. அதன் அடியில் கட்டைவிரல் பருமனில் ஒரு பல்சக்கரம். இன்ஜினுக்குள் நீளமாகப் படுத்திருக்கும் கேம் ஷாஃப்ட்டின் பற்களோடு கோத்துக்கொண்டு அது சுற்றினால்தான் நெருப்பும் உண்டு, ஆயில் பம்ப்பும் ஓடும். அந்தப் பற்கள் இப்போது துருப்பிடித்த ரம்பம் மாதிரி கூராகத் தேய்ந்திருந்தன.

"என்ன மாப்ள, பல்லு போச்சா?"

நீல டாக்ஸியின் டிரைவர் எட்டிப் பார்த்தான். டவுட்டுவின் மனைவிக்கு அண்ணன். டவுட்டுவை இந்த ஷெட்டில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். எட்டிப் பார்த்தானே தவிர, இரண்டு கைகளும் பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தன.

"போச்சு மச்சான். நம்ம மெக்கானிக் நெட்டையன் போட்ட இரும்புச் சக்கரம். ஆறு மாசம்கூட தாங்கல."

"நெட்டையன் கணக்கை நேத்தே தீர்த்துட்டாங்க. பாவம், ஷெட்டுக்குள்ள வந்து பெட்டியை எடுக்கக்கூட விடல."

"டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்களேன்."

"என் கை சுத்தமா இருக்கு மாப்ள. அப்படியே இருக்கட்டும்."

கைகளை அவன் அப்படிப் பத்திரப்படுத்தியதற்குக் காரணம் இருந்தது. ஷெட்டின் சட்டம் ஒரே வரிதான்: ஒரு சாமான் கெட்டால், அதைக் கடைசியாகத் தொட்ட கை யாருடையதோ அவர் நம்பிக்கையிலிருந்து அதன் விலை கழியும். சட்டம் வந்த நாளிலிருந்து அங்கே ஒரு வேலையும் ஒரே ஆளால் முடிந்ததில்லை. முக்கால்வாசி முறுக்கியவன், "அண்ணே, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன், இதைக் கொஞ்சம் இறுக்கிடுங்க" என்று நழுவுவான். அந்த அண்ணன் அதற்குள் கழிவறைக்குப் போயிருப்பார். ஸ்டோர் அண்ணன் சாமானை எடுத்துக் கையில் கொடுப்பதே இல்லை. அலமாரியைத் திறந்துவிட்டு, "தம்பி, நீயே எடுத்துக்க" என்று தள்ளி நின்றுகொள்வார்.

டவுட்டு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓட்டைக்குள் பார்த்தான். உள்ளே கேமின் பற்கள் ஆயிலில் கறுப்பாக மினுங்கின. கறுப்பு என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

சிக்கல் அங்கேதான் இருந்தது. கேம் வார்ப்பிரும்பு என்றால் சக்கரமும் வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும். கேம் ஸ்டீல் என்றால் இரும்புச் சக்கரத்தை அது தின்றுவிடும். அதற்காக ஸ்டீல் சக்கரத்தைப் போட்டு, உள்ளே இருப்பது வார்ப்பாக அமைந்துவிட்டால், சக்கரம் கேமைத் தின்னும். கேம் போனால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். நெட்டையனின் இரும்புச் சக்கரம் தேய்ந்ததைப் பார்த்தால் கேம் ஸ்டீல் மாதிரி இருந்தது. ஆனால் ஆயில் பம்ப் இறுகினாலும் சக்கரம் இப்படித்தான் தேயும். அப்படிப் பார்த்தால் வார்ப்பாகவும் இருக்கலாம்.

ஒரு காந்தத்தை நூலில் கட்டி உள்ளே விட்டான். ஒட்டியது. வார்ப்பாக இருந்தாலும் ஒட்டும், ஸ்டீலாக இருந்தாலும் ஒட்டும் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. நீளமான ஒரு கம்பியை ஓட்டைக்குள் விட்டு மெல்லத் தட்டினான்.

"டிங்னு கேட்டுச்சு," என்றான் டிரைவர். "ஸ்டீல்தான். சந்தேகமே இல்ல."

"டொக்குனுதான் கேட்டுச்சு," என்றார் ஸ்டோர் வாசலில் நின்றிருந்த ஸ்டோர் அண்ணன். "வார்ப்பு. எங்க மாமனார் வீட்டு கேட்டைத் தட்டினா இதே சத்தம்தான் வரும்."

"தட்டினா திறப்பாங்களா அண்ணே?"

"அதான் தட்டித் தட்டிச் சத்தம் பழகிடுச்சு."

டவுட்டு மறுபடி தட்டினான். முதல் தரம் டிங் மாதிரி இருந்தது. இரண்டாம் தரம் டொக் மாதிரி. மூன்றாம் தரம் தட்டும்போது வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

முதலாளியின் கண்ணாடி அறையில் எப்போதும் ஒரு பெரிய கால்குலேட்டர் இருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் கீச்சென்று ஒரு சத்தம். அவர் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டுத் துடைக்கிற சாமான் அவரிடம் அது ஒன்றுதான்.

"கேம் என்ன உலோகம்னு தெரியுமா முதலாளி?"

"இரும்பு. வேற என்ன, தங்கத்துலயா செய்வாங்க?"

"இரும்புலயே ரெண்டு விதம் இருக்கு. வார்ப்பு, ஸ்டீல்."

"இன்ஜினை மொத்தமா ஒரு விலைக்குப் பேசி எடுத்தேன். உள்ள அது என்ன, இது என்னன்னு தனித்தனியா விசாரிச்சா விக்கிறவன் விலையை ஏத்துவான். அதனால விசாரிக்கல."

"பிரிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். நாலு நாள் ஆகும்."

"நாலு நாள் வண்டி நிக்கும். அந்த நாலு நாள் வசூலை நீ கட்டறியா?"

முதலாளி கால்குலேட்டரை மேசையில் வைத்தார். குரல் இளகியது.

"பாரு, தொழில் தெரிஞ்சவன் நீ. இதுல நான் தலையிட மாட்டேன். எது சரியோ அதைப் பார்த்து வாங்கிப் போடு. முடிவு உன்னோடது."

ஷெட்டில் முதலாளி திட்டினால் யாரும் பயப்படுவதில்லை. இப்படிப் பேசும்போதுதான் பயப்படுவார்கள்.

உதிரிபாகக் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கடைக்கார அக்கா தேய்ந்த சக்கரத்தை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, மூன்று புதுச் சக்கரங்களைக் கல்லாவின்மேல் வரிசையாக வைத்தாள். ஒன்று சாம்பல் நிற இரும்பு. ஒன்று மஞ்சளாக மின்னிய வெண்கலம். மூன்றாவது ஃபைபர், ஏறக்குறைய பிளாஸ்டிக், பொம்மைக் காரிலிருந்து கழற்றியது மாதிரி கறுப்பாக, எடையே இல்லாமல்.

"இரும்பு உன் ஒரு நாள் கூலி. வெண்கலம் மூணு நாள். ஃபைபர் ஒரு வாரம்."

"பிளாஸ்டிக்குக்கு ஒரு வாரக் கூலியா அக்கா?"

"விலையைப் பார்க்காத தம்பி, குணத்தைப் பாரு. இரும்புக்கு ஜோடி சரியா அமையணும். வெண்கலம் யாரோடயும் ஒத்துப்போகும், ஆனா தானே தேஞ்சு தேஞ்சு போகும். அடிக்கடி கழட்டிப் பார்க்கணும், தேஞ்சிருந்தா மாத்தணும். ஃபைபரும் யாரோடயும் ஒத்துப்போகும், ஆனா தேயாது. அப்படி ஒரு மாப்பிள்ளை கிடைச்சா ஒரு வாரக் கூலி என்ன, ஒரு வருஷக் கூலி கொடுத்து என் பொண்ணுக்குக் கட்டி வெச்சிருப்பேன்."

"எது ஜாஸ்தி விக்குது?"

"இரும்பு."

"ஏன்?"

"மலிவு. அதுக்கப்புறம் அவங்களே திரும்ப வருவாங்க."

டவுட்டு மூன்றையும் கையில் எடுத்து எடுத்து வைத்தான். அக்கா சொல்வது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் விலை அதிகமானதை விற்கிறவள் அதை நல்லதென்றுதானே சொல்லுவாள் என்றும் பட்டது. அப்படியென்றால் இரும்பை ஏன் குறை சொல்ல வேண்டும், அதுவும் அவள் சரக்குத்தானே என்று யோசித்தான். யோசிக்க யோசிக்கக் கல்லாவின்மேல் மூன்று சக்கரங்களும் ஒன்று போலவே தெரிந்தன.

"நாளைக்குச் சொல்றேன் அக்கா."

"சொல்லு. இரும்பு துருப்பிடிக்கிறதுக்குள்ள சொல்லு."

அவர்கள் வீடு ஒரே அறை. ஜன்னலுக்குக் கீழே தரையில் தையல் சாக்பீஸால் ஒரு நீள்சதுரம் வரைந்திருந்தது. மனைவி வரைந்தது. அவள் வேலை செய்யும் துணிக் கம்பெனியில் புது மெஷின்கள் இறங்கப்போகின்றன. பழையவற்றை அதில் தைத்தவர்களுக்கே விற்கிறார்கள். துணி ஓரம் அடிக்கிற அவளுடைய ஓவர்லாக் மெஷினின் விலை, கிட்டத்தட்ட டவுட்டுவின் நம்பிக்கையின் விலை. சூப்பர்வைசர் அதன் தலையில் அவளுடைய பெயர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மூன்று மாதத்துக்கு யாரும் கேட்கமாட்டார்கள். மெஷின் வந்துவிட்டால் வீட்டிலேயே தைக்கலாம். நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை. அளவு சரியாக வருமா என்று பார்க்கத்தான் சாக்பீஸால் வரைந்தாள். வரைந்த நாளிலிருந்து இருவரும் அந்தக் கோட்டை மிதிக்காமல் சுற்றித்தான் நடந்தார்கள்.

டவுட்டு மூன்று சக்கரங்களின் கதையையும் சொன்னான். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க மெஷின்ல பிளாஸ்டிக் சக்கரம்தாங்க. ஊசி எங்கயாவது மாட்டிக்கிட்டா முதல்ல அது உடையும். மத்த எல்லாம் தப்பிச்சுக்கும்."

"அது தையல் மெஷின். இது கொதிக்கிற ஆயிலுக்குள்ள சுத்தறது."

"அப்ப வெண்கலம் போடுங்க."

"அது தேயும்."

"அப்ப இரும்பு."

"கேம் ஸ்டீலா இருந்தா அதைத் தின்னுடும்."

அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"எதைப் போட்டா நம்ம பணம் தேயாது? அதைச் சொல்லுங்க."

டவுட்டு விடியும்வரை புரண்டுகொண்டிருந்தான். காலையில் முதலில் ஃபைபரைக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தான்.

"பிளாஸ்டிக்கா?" என்றார் முதலாளி. "இரும்பை விடப் பிளாஸ்டிக் விலை ஜாஸ்தின்னு ஒருத்தி சொன்னாளாம், இவன் கேட்டுட்டு வந்தானாம். அந்தக் கடையில உனக்கு என்ன கமிஷன்?"

"அது எந்தக் கேமுக்கும் ஒத்துவரும் முதலாளி."

"நான் தலையிட மாட்டேன்னு சொன்னேன்ல. முடிவு உன்னோடது. ஆனா பிளாஸ்டிக் வேண்டாம்."

மிச்சம் இரண்டுதான். தேய்வதென்றால் சக்கரம் தேயட்டும், கேம் பிழைக்கட்டும் என்று டவுட்டு வெண்கலத்தைச் சொன்னான். முதலாளி மூன்று நாள் கூலியை இரண்டரையாகப் பேசி முடிக்கச் சொல்லிப் பணம் கொடுத்தார். கடைக்கார அக்கா இரண்டே முக்காலுக்கு இறங்கினாள். கால் நாள் கூலி டவுட்டுவின் கையிலிருந்து போனது.

சக்கரத்தை மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டரை உள்ளே இறக்கி, நெருப்பு சரியான நேரத்தில் விழும்படி திருப்பி வைத்தான். இனி அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு போல்ட்டை இறுக்க வேண்டும். ஸ்பேனரை நீட்டினான்.

"மச்சான், வண்டி உங்களோடது. நீங்களே ஒரு சுத்து இறுக்கிடுங்களேன், ராசியா இருக்கும்."

"எனக்கு ராசி கிடையாதுன்னு உன் பொண்டாட்டியைக் கேளு, சொல்லுவா." டிரைவரின் கைகள் பாக்கெட்டில் இன்னும் ஆழமாக இறங்கின.

ஸ்டோர் அண்ணன் இருந்த பக்கம் பார்த்தான். ஸ்டோர் பூட்டியிருந்தது. டவுட்டு தானே இறுக்கினான். அன்று மாலை பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்து இன்னொரு தரமும் இறுக்கினான்.

"மாசம் ஒரு தடவை கழட்டிப் பார்க்கணும் முதலாளி," என்று சொல்லி வைத்தான்.

"பார்க்கலாம்," என்றார் அவர்.

முதல் மாத முடிவில் கேட்டபோது, வண்டி ரயில் நிலையச் சவாரியில் இருக்கிறது, ஓய்ந்ததும் பார்க்கலாம் என்றார். இரண்டாம் மாதம் கேட்டபோது, ஓடுகிற வண்டியை நிறுத்துகிறவன் மெக்கானிக்கா என்றார். மச்சானைக் கேட்டால், "பட்டு மாதிரி ஓடுது மாப்ள" என்றான். துணிக் கம்பெனியில் புது மெஷின்கள் லாரியில் வந்து இறங்கிவிட்டன. அட்டை கட்டிய பழைய மெஷினை ஒரு மூலைக்கு நகர்த்தி வைத்திருப்பதாக மனைவி சொன்னாள். அதற்குத் தினமும் போய் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு வருகிறாளாம்.

ஐந்து வருஷம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது நீல டாக்ஸியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பாலத்தின் உச்சியில் நின்றுபோனதாம். டிரைவர் அதைச் சரிவில் உருட்டி, கியரில் போட்டு, கிளப்பப் பார்த்திருக்கிறான். கிளம்பவில்லை. ஆட்களை வைத்து மறுபடி மேலே தள்ளி, மறுபடி உருட்டியிருக்கிறான். உருண்ட நேரமெல்லாம் ஆயில் இல்லாமல் இன்ஜின் சுற்றியிருக்கிறது.

டவுட்டு இன்ஜினின் ஆயில் தேங்கும் அடித்தட்டைக் கழற்றினான். ஆயிலில் பொன் துகள்கள் மிதந்தன. தட்டைச் சாய்த்தபோது அடியில் மஞ்சள் சேறு. பம்ப்பின் வலை அதனால் அடைத்துப் போயிருந்தது. பல வாரமாக ஆயில் சரியாக ஏறியிருக்காது. இந்தத் தரம் இன்ஜினைப் பிரிக்க முதலாளியே சொன்னார். நாலு நாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேம் ஷாஃப்ட் வெளியே வந்தது. அதன் மேடுகளில் நகத்தால் பிராண்டியதுபோல் ஆழக் கோடுகள். வெண்கலச் சக்கரத்தின் பற்கள் கத்தி முனையாகியிருந்தன. பாதிக்கு மேல் இல்லவே இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருந்த போல்ட்டை அவன் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். அதன் ஆறு மூலைகளும் மழுங்கியிருந்தன. ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்காது. கட்டிங் பிளையரால் கவ்வித் திருகினால்தான் இப்படி ஆகும். மச்சானின் சீட்டுக்கு அடியில் ஒரு கட்டிங் பிளையர் உண்டு.

ஷெட்டுக்குப் பின்னால் பழைய டயர்கள் குவிந்த இடத்துக்கு டிரைவரைக் கூட்டிப் போனான். போல்ட்டைக் காட்டினான். டிரைவர் வாங்கிப் பார்க்கவில்லை.

"நான்தான் திருப்பினேன் மாப்ள. ஏழெட்டுத் தரம் இருக்கும். பல்லு தேயத் தேய நெருப்பு முன்னபின்ன விழுது, வண்டி இழுக்க மாட்டேங்குது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வெச்சா இழுக்குது. பின்னாடி சவாரி உக்காந்து கடிகாரத்தைப் பார்க்கிறான். நான் என்ன பண்ண?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ கழட்டுவ. கழட்டினா வண்டி நிக்கும். வண்டி நின்னா அன்னைக்கு எனக்குக் கூலி இல்ல."

"பட்டு மாதிரி ஓடுதுன்னு சொன்னீங்க."

"ஓடுச்சே. திருப்பித் திருப்பி ஓட்டினேன்."

டவுட்டு ஒரு டயரின்மேல் உட்கார்ந்தான். மச்சான் திருப்பியதால் பல் தேயவில்லை என்று அவனுக்குத் தெரியும். திருப்பாமல் இருந்திருந்தால் தேய்ந்தது முன்பே தெரிந்திருக்கும் என்பதும் தெரியும். வெண்கலம் போட்டது தப்பா, கழற்றிப் பார்க்காதது தப்பா, கேம் எது என்று தெரியாமல் எதைப் போட்டிருந்தாலும் தப்புத்தானா என்பது மட்டும் தெரியவில்லை.

"கடைசிக் கை உங்களோடது மச்சான்."

"ஆமா. இல்லேங்கல." டிரைவர் குரலைத் தாழ்த்தினான். "ஆனா ரெண்டு கைன்னு முதலாளிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேர் பணமும் போகும். போன வருஷம் கழுவுறவங்க ரெண்டு பேரும் கண்ணாடி உடைஞ்சதுக்கு ஒருத்தரை ஒருத்தர் கை காட்டினாங்க. என்ன ஆச்சு? ரெண்டு பேர்கிட்டயும் முழுக் கண்ணாடி விலையைப் பிடிச்சாரு. அவருக்கு ஒரு கண்ணாடி லாபம்."

"அப்ப ஒரு கை."

"ஒரு கை."

"யார் கை?"

டிரைவர் முதன்முதலாகப் பாக்கெட்டிலிருந்து கைகளை எடுத்தான். ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் தராசு மாதிரி பிடித்தான்.

"என் சம்பளம் உன்னோடதை விட ஜாஸ்தி. அப்ப என் நம்பிக்கையும் ஜாஸ்தி. குடும்பத்துக்கு எது போனா நஷ்டம் கம்மி? நீயே சொல்லு."

டவுட்டு போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாதி நான் தர்றேன் மாப்ள."

"எப்போ?"

"தர்றேன்."

"எப்போ மச்சான்?"

"என் தங்கச்சிக்குத் தராம வேற யாருக்குத் தரப்போறேன்?"

முதலாளி கால்குலேட்டரைத் துடைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். மேசைக்கு எதிரே தரையில் கேம் ஷாஃப்ட்டும், தேய்ந்த இரண்டு சக்கரங்களும், போல்ட்டும் ஒரு கோணிச் சாக்கின்மேல் கிடந்தன. டிரைவர் கதவோரமாக நின்றான்.

"கடைசிக் கை யாரோடது?"

"என்னோடது," என்றான் டவுட்டு.

முதலாளி காலால் போல்ட்டை உருட்டிப் பார்த்தார். செருப்பு நுனியால் நிறுத்தினார்.

"நீ எப்பவும் ஸ்பேனர்தானே போடுவ?"

கதவோரத்தில் மூச்சுச் சத்தம் நின்றது.

"அன்னைக்கு அவசரம். பிளையர்."

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேரம் படியாத சரக்கைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. ஒரு கைன்னா ஒரு கை." கால்குலேட்டரில் விரலை வைத்தார். "உன் நம்பிக்கை, ஒரு மாதச் சம்பளம்." கீச். "வெண்கலச் சக்கரம்." கீச். "நாசமான ஆயில். இழுத்துக்கிட்டு வந்த கூலி." கீச், கீச். "வண்டி நின்ன நாள் வசூல். உனக்காகப் பாதிதான் போடறேன்." கீச். "ஸ்டீல் கேம் ஒண்ணு."

"ஸ்டீலா?" டவுட்டு நிமிர்ந்தான். "அன்னைக்கு இரும்புன்னு சொன்னீங்களே முதலாளி."

"வாங்கும்போது இரும்பு விலைக்குத்தான் வாங்கினேன். இப்ப புதுசு போடணும்னா ஸ்டீல் விலை. கடையில கேட்டுட்டேன்."

"உள்ள இருந்தது எது?"

"உள்ள இருந்தது எதுவா இருந்தா என்ன, போனது போனதுதானே." கீச். முதலாளி கால்குலேட்டரைத் திருப்பி அவனிடம் காட்டினார். முட்டை ஒன்று தெரிந்தது. "பார்த்தியா, நேரா வந்துடுச்சு. மேல நீ தர வேண்டியது கொஞ்சம் இருந்தது, அதை நான் விட்டுட்டேன்."

டவுட்டு அந்த முட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வேலையை விட்டு நிறுத்தப்போறதில்ல. நெட்டையன் மாதிரி இல்ல, நீ ஒத்துக்கிட்ட. புதுசா நம்பிக்கை கட்டணும், அவ்வளவுதான். ஒரேயடியா வேண்டாம், மாசாமாசம் சம்பளத்துல பத்துல ஒண்ணு பிடிச்சுக்கறேன். அஞ்சு வருஷத்தைத் திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணிக்க." அவர் சாக்கைக் காட்டினார். "இதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போ. விலை கொடுத்திருக்க, இனி உன்னோடது. அடுத்தவன் சாமானை நான் இங்க வெச்சுக்க மாட்டேன்."

கேம் ஷாஃப்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இது ஆள் இல்லையே, ஆனா அரை ஆள் நீளம் இருக்கே" என்று சாமானுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். உட்கார இடமிருந்தும் அவன் உட்காரவில்லை. ஒரு கையில் கம்பியையும் ஒரு கையில் கேமையும் பிடித்தபடி இறங்கும்வரை நின்றான்.

மனைவி கதவைத் திறந்தாள். தோளில் இருந்ததைப் பார்த்ததும் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டவள்போல் விலகி வழி விட்டாள். வேறு இடமில்லை. ஜன்னலுக்குக் கீழே, சாக்பீஸ் கோட்டுக்குள், அவன் அதை இறக்கி வைத்தான். சட்டைப் பையிலிருந்து இரண்டு சக்கரங்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

அவள் வெண்கலச் சக்கரத்தை எடுத்துத் திருப்பினாள். ஒரு பல் விரலைக் கீறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"கடைசில இது இரும்பா, ஸ்டீலா?"

டவுட்டு ஸ்பேனரை எடுத்துக் கேமின்மேல் தட்டினான்.

"டிங்," என்றான்.

"எனக்கு டொக்குனுதான் கேட்டுச்சு."

மறுபடி தட்டினான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"நாளைக்கு மெஷின்லேர்ந்து அட்டையை அவுத்துக்கச் சொல்லிடறேன்," என்றாள். பிறகு, "முதலாளி கணக்கு?"

"நேர்."

"எங்க அண்ணன்?"

"பாதி தர்றேன்னாரு."

"எப்போ?"

அவள் சாக்பீஸை எடுத்து, கேம் கிடந்த நீள்சதுரத்தின் ஓரத்தில், தரையிலேயே எழுதினாள். தையல் அளவு எழுதுகிற அதே சின்ன எழுத்து.

வரவு: கேம் ஒன்று, சக்கரம் இரண்டு, பஸ் டிக்கெட் இரண்டு.
முதலாளி: நேர்.
அண்ணன்: பாதி, பாக்கி.
நம்பிக்கை: பத்தில் ஒன்று, அடுத்த மாதம் முதல்.